தஞ்சாவூருக்கு ஹீட்டர் எதற்கு?

"தஞ்சாவூரில் காருக்கு ஹீட்டரா? சித்திரை வெயிலில் கார் மேலேயே தோசை வார்க்கலாமே!" என்று நீங்கள் சிரிப்பது என் காதில் விழுகிறது. சிரித்து முடித்தாயிற்றா? இனி விஷயத்துக்கு வருவோம்.

கரந்தையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் மாமனார் காலத்து அம்பாசடர் ஒன்று இருக்கிறது. முன்னே நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஓடிய வண்டியாம். மலைக் குளிருக்காக அதில் ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். ஹீட்டர் அப்படியே இருக்கிறது. ஆனால் அதிலிருந்து காற்றைத் தள்ளும் விசிறி, அதாவது 'ப்ளோயர்', ஓடுவதில்லை.

"மார்கழியிலும் தையிலும் விடியற்காலையில் புறப்பட்டால் முன் கண்ணாடி முழுவதும் உள்பக்கம் வியர்த்துவிடுகிறது. அவர் காரை ஓட்டுகிறார்; நான் துணியை வைத்துக்கொண்டு துடைத்துக்கொண்டே வருகிறேன். மெக்கானிக்கோ, 'நம்ம ஊருக்கு இது எதுக்கம்மா? கழற்றிப் போட்டுடலாம்' என்கிறார். இவரும் தலையை ஆட்டுகிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்கிறார்.

கழற்றவே கூடாது என்று சொல்கிறேன். அந்த ஹீட்டர் உங்கள் கால்களுக்காக அல்ல அம்மா, கண்ணாடிக்காக! அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. இன்று கழற்றிப் போடுகிற சாமான் நாளைக்கு வேண்டுமென்றால் எளிதில் கிடைக்காது.

தைமாதத்தில் தியாகராஜ ஆராதனைக்குத் தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போவதாக வைத்துக்கொள்ளுங்கள். தூரம் சுமார் 13 கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டியாக வேண்டும். ஆற்றோரம் வந்தாலே பனி திரண்டு நிற்கும். பஞ்சரத்தினக் கீர்த்தனைக்கு இடம் பிடிக்க வேண்டுமென்று இருட்டோடு கிளம்பியிருப்பீர்கள். எதிரே விளக்கில்லாத சைக்கிளில் பால்காரர் வருவார். சம்பா அறுவடைக் காலம். சாலையில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டு, ஓரத்தில் கல்லை அடுக்கி வைத்திருப்பார்கள். போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு நடந்து போகிறவர்களும் உண்டு. இவ்வளவையும் துணியால் துடைத்த ஒரு சாண் வட்டத்தின் வழியாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டுமா?

கண்ணாடி ஏன் வியர்க்கிறது? இட்லிப் பானை மூடியைத் திறந்தால் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கிறதல்லவா? அதே கதைதான். சூடான காற்று நிறைய ஈரத்தைத் தாங்கும். குளிர்ந்த காற்று தாங்காது. 30 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியை வைத்துக்கொள்ளும். அதே காற்று 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் 17 கிராம்தான் தாங்கும். மீதி, குளிர்ந்த கண்ணாடியில் துளியாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

காருக்குள் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டாம். ஐந்து பேர் மூச்சு விடுகிறோம். தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலை நுனிமுடிச்சுப் போட்டுக்கொண்டு ஏறுகிறோம். மடியில் சுடச்சுட இட்லித் தூக்கு. ஐப்பசி மழையாக இருந்தால் காலடியில் நனைந்த குடை வேறு!

ஹீட்டர் செய்கிற வேலை ரொம்ப எளிது. இன்ஜினில் சூடான தண்ணீரில் கொஞ்சம் ஒரு ரப்பர் குழாய் வழியாக டாஷ்போர்டுப் பக்கம் வருகிறது. அங்கே குட்டி ரேடியேட்டர் ஒன்று இருக்கிறது. ப்ளோயர் அதன் வழியே காற்றை ஊதிக் கண்ணாடிக்கு அடியில் உள்ள நீள வாய்களில் விடுகிறது. கண்ணாடி சூடாகிறது; துளி மறைகிறது. ப்ளோயர் ஓடாவிட்டால் அந்தச் சூடு பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

நடுவே ஒரு சமாசாரம். ரயில் பெட்டிகளைச் சூடாக்கும் முறை ஒன்றுக்கு அமெரிக்காவில் 1893-ல் காப்புரிமை வாங்கியவர் மார்கரெட் வில்காக்ஸ் என்ற பெண்மணி. கண்ணாடியைத் துடைக்கும் வைப்பருக்கு 1903-ல் காப்புரிமை பெற்ற மேரி ஆண்டர்சனும் பெண்தான். ஆகவே, "இதெல்லாம் உனக்கு எதற்கு?" என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு பெயர்களையும் சொல்லிவிட்டுக் காரின் கதவைத் திறவுங்கள்.

தொடங்குமுன் மூன்று எச்சரிக்கை

ஒன்று: இன்ஜின் ஓடும்போது மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். புடவைத் தலைப்பும் பின்னலும் விசிறி பெல்ட்டுக்கு ஒரு நொடி வேலை.

இரண்டு: ஒயர்களில் கை வைக்கு முன் பாட்டரியின் ஒரு முனையைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். பரிசோதனைக்குக் கரண்டு வேண்டும் என்கிறபோது மட்டும் மாட்டிக்கொள்ளலாம்.

மூன்று: இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் திருப்பி வைத்துப் பரிசோதிக்கும்போது ஒன்றிரண்டு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். பழைய கார்களில் இக்னிஷன் காயில் சூடாகிக் கெட்டுப் போகும்.

சத்தமே இல்லையா?

ஸ்விட்சைப் போட்டால் முனகல் கூட இல்லை என்றால் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். அதற்கு ஒரு சுலப வழி உண்டு. பழைய பிரிட்டிஷ் மாதிரிக் கார்களில் ஃப்யூஸ்கள் இரண்டே இரண்டுதான் இருக்கும். வைப்பர், பெட்ரோல் முள், திரும்பும் விளக்கு எல்லாம் பெரும்பாலும் ஹீட்டரோடு ஒரே ஃப்யூஸில் குடித்தனம் செய்யும். அவையும் சேர்ந்து வேலை செய்யவில்லையென்றால் குற்றவாளி ஃப்யூஸ்தான். அவை நன்றாக ஓடினால் ஃப்யூஸை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகலாம்.

அந்தக் கண்ணாடிக் குழல் ஃப்யூஸுக்குள் ஒரு துண்டுக் காகிதம் இருக்கும். எத்தனை ஆம்பியர் என்று அதில் அச்சிட்டிருக்கும். அதே எண்ணுள்ளதைத்தான் போட வேண்டும். சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றி வைக்கிற புத்திசாலிகள் இன்னும் இருக்கிறார்கள். ஃப்யூஸ் என்பது வீடு எரியாமல் இருப்பதற்காகத் தானே எரிந்து போகிற சாமான். அதற்குப் பதில் வெள்ளித்தாளைப் போட்டால் எரிவது ஒயராக இருக்கும்.

ஃப்யூஸ் நன்றாக இருந்தும் கரண்டு போகவில்லையா? அதைப் பிடித்திருக்கும் பித்தளைக் கவ்விகளைப் பாருங்கள். நம் பக்கத்து ஈரக் காற்றில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். பாட்டரியைக் கழற்றிவிட்டு உப்புத்தாளால் நாலு தேய்ப்புத் தேய்த்தால் போதும். காசு செலவே இல்லை.

அடுத்தது மோட்டார். இதற்கு ஒரு சின்ன 12 வோல்ட் பல்பும் இரண்டு ஒயரும் வேண்டும். மெக்கானிக்கிடம் இருக்கும். பல்பின் ஒரு ஒயரை மோட்டாருக்கு வரும் ஒயரிலும், மற்றதைக் காரின் பெயிண்ட் இல்லாத உலோகத்திலும் வைக்க வேண்டும். பல்பு எரியவில்லையென்றால் கோளாறு வழியில் இருக்கிறது: ஸ்விட்ச் அல்லது ஒயர். பல்பு எரிந்தால் மோட்டார் வரைக்கும் கரண்டு வந்துவிட்டது. கோளாறு மோட்டாரில், அல்லது 'எர்த்'தில்.

எர்த்தை மறந்துவிட்டு மோட்டாரை மாற்றியவர்கள் உண்டு. வந்த கரண்டு காரின் உடம்பு வழியாகப் பாட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். மோட்டாரை இறுக்கியிருக்கும் இடத்தில் துருப்பிடித்திருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். மோட்டாரின் உடம்பிலிருந்து காரின் நல்ல உலோகத்துக்குத் தனியாக ஓர் ஒயர் கொடுத்துப் பாருங்கள். உடனே ஓட ஆரம்பித்தால் அந்த இடத்தைச் சுரண்டி, திருகை இறுக்கிவிட்டால் தீர்ந்தது.

அப்படியும் ஓடவில்லையா? ஸ்விட்சைப் போட்டபடி மோட்டாரை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். தட்டினால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. பிரஷ் சின்ன சாமான்; அதே அளவில் கிடைத்தால் மாற்றிவிடலாம். இறுகிப்போன அச்சுக்குத் தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயில் ஒரு சொட்டு, ஒரே சொட்டு, விடலாம். அன்பு மிகுதியால் அபிஷேகம் செய்துவிட்டால் பிரஷ்கள் எண்ணெயில் ஊறி மோட்டார் மறுபடியும் படுத்துக்கொள்ளும்.

வேகம் இரண்டு உள்ள ப்ளோயர் வேகமாக மட்டும் ஓடி, மெதுவாக ஓட மறுத்தால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். வீட்டு விசிறியின் பழைய ரெகுலேட்டரில் இருப்பது போல ஒரு கம்பிச் சுருள் வழியில் இருக்கிறது. அது அறுந்திருக்கும்.

இன்னொன்று. லெவல் கிராசிங்கில் நிற்கும்போது ப்ளோயர் சோர்ந்து, ஹெட்லைட்டும் மங்கினால் பயப்பட வேண்டாம். டைனமோ வைத்த பழைய கார்களில் இன்ஜின் மெதுவாக ஓடும்போது கரண்டு குறைவாகத்தான் வரும். கேட் திறந்து வண்டி வேகம் எடுத்ததும் தெளிந்துவிடும்.

சத்தம் உண்டு, காற்று இல்லையா?

இதுதான் நம் சோழநாட்டுக்கே உரிய வியாதி. ப்ளோயருக்குள் இருக்கிற சக்கரத்துக்கு 'அணில் கூண்டு' என்று பட்டறையில் பெயர். கூண்டு இருந்தால் குடிவர ஆள் வேண்டாமா? அணில் வராது, எலி வரும்! அறுவடை முடிந்து வயலில் தீனி குறைந்ததும் எலிக்கு வீடு வேண்டும். கொல்லையில் வைக்கோற்போர், பக்கத்தில் கார் கொட்டகை. கார் ஒரு மாதம் ஓடாமல் நின்றால் போதும். காற்று வரும் குழாய் வழியாக ஏறி, வைக்கோலையும் பழந்துணியையும் இழுத்துவந்து கூடு கட்டிவிடும்.

வைக்கோல் வாசனையும் எலி வாடையும் வந்தால் ஸ்விட்சைப் போடாமல் முதலில் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். சக்கரம் சிக்கிக்கொண்ட நிலையில் கரண்டு பாய்ந்தால் மோட்டார் சூடாகும். பக்கத்திலேயே காய்ந்த வைக்கோல்! ஃப்யூஸ் மாற்றி மாற்றிப் போனாலும் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, கையுறை போட்டு, தூசி பறக்காமல் இருக்கக் கிருமிநாசினி கலந்த தண்ணீரைத் தெளித்துப் பிறகு கூட்டை எடுக்க வேண்டும். எலி எச்சத்திலிருந்து நோய் வரும். ஒயர்களையும் ஒரு பார்வை பாருங்கள்; கூட்டுக்கு வந்தது ஒயரையும் கடித்துப் பார்த்திருக்கும்.

எலி இல்லாவிட்டால் பதர், நெற்சுணை, வேப்பிலைச் சருகு. சாலையில் காயும் நெல்லின் மேல் வண்டி ஓடும்போது எழும் தூசியெல்லாம் காற்று வாயில்தான் நுழைகிறது. கண்ணாடிக்குக் காற்று கொண்டுபோகும் மடிப்புக் குழாய் கழன்று தொங்கினாலும் இதே கதிதான். காற்று உங்கள் காலுக்கு வரும், கண்ணாடிக்குப் போகாது.

எல்லாம் சுத்தமாக இருந்தும் காற்று மந்தமா? இதற்கு ஒரு விசித்திரமான காரணம் உண்டு. பழைய மாரிஸ் கார்களில் பாட்டரியின் 'ப்ளஸ்' முனை எர்த்தாக இருந்தது. பிற்பாடு யாராவது அதை 'மைனஸ்' எர்த்தாக மாற்றியிருந்தால் சில ஹீட்டர் மோட்டார்கள் தலைகீழாகச் சுற்றும். சத்தம் பிரமாதமாக இருக்கும், காற்று வராது. மோட்டாரின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

காற்று உண்டு, சூடு இல்லையா?

ப்ளோயரைச் சரிசெய்து ஸ்விட்சைப் போட்டதும் ஜில்லென்று காற்று வந்தால் ஏமாற்றமாக இருக்கும். நம் பக்கத்துக் கார்களில் இதற்கு மூன்று காரணங்கள் சகஜம்.

ஹீட்டருக்குப் போகும் தண்ணீர்க் குழாயை மூடியிருப்பார்கள். பழைய அம்பாசடரில் 1489 சி.சி. இன்ஜினின் தலைப் பக்கம் அதற்கு ஒரு திருகு உண்டு. அல்லது, "எதுக்கு இது?" என்று கேட்ட யாரோ ஒரு மெக்கானிக் இரண்டு ரப்பர் குழாய்களையும் கழற்றி ஒன்றோடொன்று மாட்டியிருப்பார்.

மூன்றாவதுதான் ரொம்பப் பரவலானது. இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தி வைக்கும் தெர்மோஸ்டாட் என்ற வால்வை, "வெயில் ஊருக்கு வேண்டாம்" என்று எடுத்து எறிந்திருப்பார்கள். அப்புறம் விடியற்காலைக் குளிரில் இன்ஜின் சூடேற நேரமாகும். திருவையாறு வந்துவிடும், சூடு வந்திருக்காது! தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுவது ஹீட்டருக்கு மட்டுமல்ல, இன்ஜினின் ஆயுளுக்கும் பெட்ரோல் கணக்குக்கும் நல்லது.

உடனே நிறுத்த வேண்டியது எப்போது?

கருகல் வாடை வந்தால் ஸ்விட்சை அணைத்து, ஓரமாக வண்டியை நிறுத்தி எல்லோரும் இறங்கிவிடுங்கள். பாட்டரியைக் கழற்றும் வரை மறுபடி முயற்சி வேண்டாம்.

தித்திப்பான ஒரு வாசனை வந்து, கண்ணாடியில் துடைத்தாலும் போகாத பிசுக்குப் படிந்தால், அந்தக் குட்டி ரேடியேட்டர் ஒழுகுகிறது. கூலன்ட் கலந்த தண்ணீர் நாக்குக்கு இனிக்கும், உடம்புக்கு விஷம். காருக்குள் சொட்டியதைக் குழந்தைகளும் நாயும் தொடாமல் துடைத்துவிட்டு, சரிசெய்யும் வரை ஹீட்டரை மூடி வையுங்கள்.

அதுவரை என்ன செய்வது?

கோளாறைக் கண்டுபிடிக்கும் வரை பயணத்தை நிறுத்த முடியாதே. முதலில் விரலால் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு கோடு போடுங்கள். தெளிந்தால் ஈரம் உள்ளே. தெளியாவிட்டால் வெளியே பனி, அதற்கு வைப்பர் போதும். உள்ளே என்றால் முன் கதவுகளின் முக்கோணக் கண்ணாடியை இரண்டு பக்கமும் கொஞ்சம் திறந்து வையுங்கள். குளிர்ந்தாலும் பரவாயில்லை. குடையும் இட்லித் தூக்கும் பின்பெட்டிக்குப் போகட்டும். முதல் நாள் இரவே கண்ணாடியின் உள்பக்கத்தைச் சுத்தமாகக் கழுவி, ஒரு துளி சோப்புத் தண்ணீரை மெல்லத் தடவி, உலர்ந்த துணியால் பளபளவென்று தேய்த்து விடுங்கள். அழுக்குப் படலம் இருக்கிற கண்ணாடியில்தான் துளி சீக்கிரம் பிடிக்கும்.

ஒன்று மட்டும் வேண்டாம். ஓட்டுகிறவரே ஒரு கையால் துடைத்துக்கொண்டு ஓட்டுவது. கண்ணாடி தெரியாவிட்டால் ஓரமாக நிறுத்திவிட்டுத் துடையுங்கள். கீர்த்தனையில் ஒன்று போனால் போகட்டும்.

ஹீட்டரை வைத்துக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் சொல்கிறேன். வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னால் உடனே சம்மதிப்பார். வைகாசி வெயிலில் கல்லணைக்குப் போகும் வழியில் இன்ஜின் சூட்டு முள் மேலே ஏறுகிறது. நிறுத்த நிழலான இடம் இன்னும் அரை மைல் தள்ளி. அப்போது ஹீட்டரை முழுதும் திறந்து ப்ளோயரையும் போட்டால், இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கு காருக்குள் வந்துவிடும். உங்கள் கால்கள் வேகும், இன்ஜின் தப்பும். நிழலில் நிறுத்தியதும் ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம் அல்லவா? ஐப்பசி மழை தொடங்குவதற்கு அதுதான் சரியான முகூர்த்தம். பூசணிக்காய் உடைப்பதற்கு முன் சாவியைத் திருப்பி, ப்ளோயரை அரை நிமிஷம் ஓட விட்டு, கண்ணாடி வாயில் கையை வைத்துப் பாருங்கள். காற்று வந்தால் பொரி கடலையை எல்லோருக்கும் கொடுக்கலாம். வராவிட்டால் மார்கழிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இந்தப் பக்கத்தைக் கத்தரித்து மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.